உரிமையாளர் அல்லாதோர்

மலை நாளுக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் நகர்கிறது.
நேற்று இருபத்தொன்று.
சுர்க்ராப்பில் இப்போது யாரும் வானிலை பற்றிக் கதைப்பதில்லை.
கதவு திறந்தால் இந்த ஒரு எண்தான்,
ரொட்டிக்கடையிலும் பேருந்துத் தரிப்பிலும்.

மலைபோல் வந்தது பனிபோல் போகும் என்பார்கள் எங்களில்.
இங்கே
பனி போனால்தான் மலை வருகிறது.

பள்ளி உடற்பயிற்சி மண்டபத்தில் கூட்டம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை,
திரையில் அட்டவணை:
எழுபத்துமூன்று வீடுகள், நாற்பத்தொரு தொழுவங்கள்,
தேவாலயம் ஒன்று, அதன் மணி தனியாக,
நான் கொப்பரை கழுவும் சீஸ் ஆலை.
எல்லாவற்றையும் கீழ்ப்பள்ளத்தாக்கில் பெயர்த்து நட
இத்தனை கோடி பிராங்.
ஒன்றியம் கொஞ்சம், கன்டோன் கொஞ்சம்,
மீதி ஊராட்சியின் தலையில்.

எங்களுக்குச் சுவரோரத்து வாங்கு.
வாக்கில்லாதவர்களின் வாங்கு.
நான், போர்த்துக்கல்காரி லூர்திஷ்,
பனிச்சறுக்கு லிஃப்டில் வேலைசெய்யும் ஒரு போலந்துக்காரன்.
எண்ணும்போது குழப்பம் வராதிருக்க
கைகளை மடியில் வைத்திருக்கும்படி
செயலாளர் மிகத் தயவாகக் கேட்டார்.
வைத்திருந்தோம்.

சூரிச்சிலிருந்து ஒருவர் பத்திரிகைக்கு எழுதியிருந்தாராம்,
தொகையைத் தலைகளால் வகுத்து,
இந்தக் காசுக்கு ஆளுக்கொரு மாடிவீடே வாங்கலாம் என்று.
பதினான்கு மாடு வைத்திருக்கும் கீரி அதை உரக்க வாசித்தான்.
மாடுகளை எத்தனையாம் மாடியில் கட்டுவது என்றான்.
மண்டபம் சிரித்தது.
நானும் இரவு வகுத்துப் பார்த்தேன்,
வரி கட்டுகிறவள்தானே.
மீதி வந்தது நான்.

பக்கம் ஒன்பது: உரிமையாளருக்குக் கட்டட மதிப்பு.
பக்கம் பதினொன்று: உரிமையாளர் அல்லாதோருக்கு
சாமான் ஏற்ற ஒரு வாகனம், மூன்று மாத வாடகை.

இந்தப் பக்கத்தை எனக்கு முன்பே தெரியும்.
முல்லைத்தீவில், கடல் வந்துபோன பின்,
மேசை போட்டிருந்த அலுவலர் கேட்டார்:
காணி உறுதி இருக்கிறதா?
உறுதியைத்தான் கடல் முதலில் கொண்டுபோனது என்றேன்.
அப்படியானால் அதைக் கடிதமாகத் தாருங்கள் என்றார்.
கொடுத்தேன், மூன்று பிரதி.

அப்போதுதான் என் வீட்டுக்காரி பார்லா எழுந்தாள்.
ஒன்பது வருடத்தில் நான்கு தரம் வாடகை கூட்டியவள்.
குளியலறைப் பூஞ்சணத்தை
மலையின் குணம் என்று சொல்லி முடித்தவள்.
வீட்டை நகர்த்துகிறீர்கள், சரி, என்றாள்.
வீட்டிலிருப்பவளை வேறெங்கோ அனுப்பினால்
புதுச் சுவருக்கு வாங்கும் கடனை நான் எதில் கட்டுவது?
திருத்தம் கொண்டுவருகிறேன்:
குடியிருப்போரும் ஒரு குடும்பமாக எண்ணப்படவேண்டும்.

முப்பத்தெட்டுக்கு முப்பத்திநாலு.
நிறைவேறியது.
லூர்திஷ் என் முழங்கையை இடித்தாள்.
என் கைகள் இன்னும் மடியில்தான் இருந்தன,
நனைந்த இரண்டு ஆவணங்கள் போல.

நியாயம் முன்வாசலால்தான் வரவேண்டுமா என்ன.

வெளியே கீரி சிகரெட்டைப் பற்றவைத்துக் கேட்டான்:
நீ பழக்கப்பட்டவள், சொல்,
முதலில் எதை எடுப்பது?
பற்றுச்சீட்டுகளை, என்றேன்.
ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருப்பான், பாவம்.
மறுநாள் மாட்டுமணிகளைத்தான் ஏற்றினான்,
பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.

காலையில் இருபத்தாறு.
காவலர் வீடுவீடாகத் தட்டுகிறார்.
மகள் ஆரணி பல் துலக்கியபடி கேட்கிறாள்,
புது இடமும் நகருமா?
அங்கே இப்போதைக்கு
புல்லில் அறைந்த முளைகளும் சிவப்பு நாடாவும்தான்.
ஐம்பத்திரண்டாம் முளை பார்லாவுடையது,
அதில் மேல்தளம் எங்களுடையதாகலாம்,
பணம் வந்தால், அயலூர் நிலம் தந்தால்,
யாரும் மேன்முறையீடு செய்யாவிட்டால்.

படிவத்தை வாகனத்தின் முன்னிருக்கையில் வைத்து நிரப்புகிறேன்.
பெயர். பிறந்த தேதி. குடும்பத்தவர் தொகை.
முன்னர் இடம்பெயர்ந்த தடவைகள்
என்றொரு கட்டம் அதில் இல்லை.
நல்லது.
இருந்திருந்தால்
இணைப்புத் தாள் கேட்டிருப்பேன்.